பாதி ஊசி

இல்ல மேடம், அந்த நாற்காலி வேணாம், ஒரு கால் ஆடும். இதுல உக்காருங்க. பேரச் சொல்லு, பேரச் சொல்லுன்னு வந்ததுலேருந்து ரெண்டு தடவ கேட்டுட்டீங்க. சொல்றேன். சொல்லாம விட மாட்டேன். ஆனா வெறும் பேர மட்டும் எழுதிக்கிட்டுப் போனீங்கன்னா, இந்த ரூம்ல என்ன நடந்துச்சுன்னே உங்களுக்குப் புரியாது. முழுசா கேட்டுட்டு அப்பறம் பூட்டுப் போடறதுன்னா போடுங்க, சீல் வைக்கறதுன்னா வைங்க. நான் குறுக்க நிக்க மாட்டேன்.

உங்க கையில ரெண்டு காகிதம் இருக்கு. ஒண்ணு உங்க சுகாதார ஆபீசுக்கு வந்த மொட்டைக் கடுதாசி. புத்த விகாரைக்குப் பின்னாடி பொம்பளைங்க நடத்தற வைத்திய ரூம்ல ஒருத்தி, சக்கரை வியாதிக்காரிகிட்ட ஊசிய பாதியா குறைச்சுக்கச் சொன்னா, அந்த வியாதிக்காரி சாகக் கிடந்து பொழைச்சா, வந்து விசாரிங்கன்னு. இன்னொண்ணு எங்க விகாரைக் கமிட்டித் தலைவர் உங்களுக்கு எழுதிக் குடுத்த பதில். அந்த ஒருத்தி யாருன்னா, ஸ்கூல்ல பெருக்கற வேலை பாக்கறாளே, பூச்சி, அவதான்னு. சரிதானே? அந்த ரெண்டாவது காகிதம் பொய் மேடம். அத முதல்ல சொல்லிடறேன். எப்படித் தெரியும்னா, இருங்க, வரேன்.

இந்த ரூம் முன்னாடி உடைஞ்ச பெஞ்சு, கிழிஞ்ச பாய் எல்லாம் போட்டு வைக்கற எடம். ஜன்னலத் திறந்தா மோட்டார் ரிப்பேர் கடை. அந்த டங்கு டங்குன்னு அடிக்கற சத்தத்துலதான் நாங்க கண்ண மூடி உக்காரப் பழகினோம். எங்க பிக்குணியம்மா சொல்வாங்க, சத்தமே இல்லாத எடம் வேணும்னா சுடுகாட்டுக்குத்தான் போகணும், இங்கயே உக்காருங்கன்னு. அவங்க துறவியா ஆகறதுக்கு முன்னாடி முப்பது வருஷம் பெரிய ஆஸ்பத்திரில நர்ஸா இருந்தவங்க. அப்பறம் தலைய மழிச்சுக்கிட்டு, காவி கட்டிக்கிட்டு இங்க வந்து சேந்தாங்க. அதட்டல் மட்டும் நர்ஸம்மா அதட்டலாவே இருந்துச்சு.

அப்ப எல்லாம் நாங்க இங்க வந்தா தரை கழுவுவோம், பூ வைப்போம், விளக்குத் தொடைப்போம், ஆம்பளைங்க உக்காந்து பேசி முடிச்சதும் டம்ளர் கழுவி வச்சுட்டு வீட்டுக்குப் போவோம். ஒரு ஞாயித்துக்கிழம நாங்க ஏழு பேர் மண்டபத்தக் கழுவிட்டிருந்தோம். அந்தம்மா வந்து நின்னு, உங்கள்ல யாருக்கு ஒடம்புல வலியே இல்லையோ அவங்க கையத் தூக்குங்கன்னாங்க. ஒரு கை எந்திரிக்கல. ஒருத்தி மட்டும், தூக்கினா தோள் வலிக்கும்மான்னா. எல்லாரும் சிரிச்சுட்டோம். அதச் சொன்னது நான்தான்.

யூனிஃபார்ம் தைக்கற கம்பெனில பத்தொம்போது வருஷம் மேடம். பொத்தானுக்கு ஓட்டை போடற காஜா மெஷின். ஒரு நாளைக்கு எத்தன சட்டைன்னு எண்ணறத விட்டே பல வருஷம் ஆச்சு. வலது தோள்லேருந்து விரல் நுனி வரைக்கும் எறும்பு ஊர்ற மாதிரி இருக்கும். டாக்டர்கிட்ட போனா, எங்க வலின்னு கேக்கும்போதே எழுத ஆரம்பிச்சுடுவார். நான் சொல்லி முடிக்கறதுக்குள்ள சீட்டு கையில இருக்கும். அவரக் குத்தம் சொல்லல, வெளிய அறுபது பேர் நிக்கறாங்க, அவர் என்ன பண்ணுவார். அந்த மாத்திரையத் தின்னு தின்னு வயிறு வெந்து போச்சு. பிக்குணியம்மா என்னைய உக்கார வச்சு, வலி எங்க ஆரம்பிக்குது, எந்தப் பக்கம் நகருது, கோவம் வந்தா கூடுதா, குனிஞ்சா குறையுதான்னு அரை மணி நேரம் கேட்டாங்க. எனக்கு அழுகை வந்துடுச்சு. வலிக்காக அழல. என் புருஷன் தங்கமான மனுஷன்தான், இருபத்தெட்டு வருஷம் ஆச்சு, சோறு ஆச்சான்னு கேட்டிருக்கார், எங்க வலிக்குதுன்னு ஒரு நாள் கேட்டதில்ல. கேக்கணும்னு அவருக்கும் தெரியாது. சொல்லணும்னு எனக்கும் தெரியாது.

அப்படித்தான் ஆரம்பிச்சுச்சு. மூச்சப் பாத்து உக்காரறது. உச்சந்தலைலேருந்து கால் வரைக்கும் கவனத்த மெதுவா எறக்கிட்டு வர்றது. வெந்நீர்ல உப்புப் போட்டு கால வச்சுக்கறது. மூட்டுக்கு மூலிகை எண்ணெய் காய்ச்சித் தடவறது. மெதுவா நடக்கறது, அது கேக்கறதுக்கு ஒண்ணுமில்ல மாதிரி இருக்கும், பத்து நிமிஷம் நடந்து பாருங்க, நம்ம எவ்வளவு அவதியா ஓடிட்டிருக்கோம்னு தெரியும். ஒருத்தருக்கு ஒருத்தர் பண்ணிக்கிட்டோம். அப்பறம் அக்கம்பக்கத்துல படுத்த படுக்கையா இருக்கறவங்க வீட்டுக்கு ரெண்டு ரெண்டு பேரா போனோம். எல்லாரும் நல்லாயிட்டாங்கன்னு உங்ககிட்ட சொல்ல மாட்டேன் மேடம். என் தோளே இன்னும் வலிக்குது. ஆனா வலி என்னைய ஆட்டி வச்சது போயி, நான் அதப் பாத்துக்கிட்டு இருக்கேன். அது பெரிய வித்தியாசம்.

ஆமா, அதுக்குத்தான் வரேன். பிக்குணியம்மா முதல் நாளே சட்டம் போட்டாங்க. மாத்திரையும் ஊசியும் நம்ம பேச்சு இல்ல. டாக்டர் குடுத்தத கூட்டறதும் குறைக்கறதும் டாக்டர் வேலை. நம்ம கை பட்டு ஒருத்தருக்கு நல்லாயிருந்தா சந்தோஷப்படுங்க, அது நம்ம கை பட்டுத்தான்னு மட்டும் நெனைக்காதீங்கன்னாங்க. நெஞ்சுல அழுத்தம், ஒரு பக்கம் இழுக்கறது, மூச்சு வேகமா போறது, நிக்காத வாந்தி, கூப்பிட்டா முழிக்காம மயங்கறது, இதுல எது இருந்தாலும் தொடாதீங்க, ஆம்புலன்சக் கூப்பிடுங்கன்னு அந்தச் செவுத்துல எழுதி ஒட்டினாங்க. அதோ, அவங்க கையெழுத்துதான்.

நிறைய பொம்பளைங்க வர ஆரம்பிச்சதும் கமிட்டிக்குப் பொறுக்கல. கமிட்டின்னா அப்ப ஒம்போது ஆம்பளைங்க. தலைவர் ரிட்டயர் ஆன ஓவர்சியர். ரோடு போட்ட மனுஷன், இன்னும் எல்லாரையும் கூலியாள் மாதிரிதான் பாப்பார். பொம்பளைங்க கூட்டம் கூடுது, பேச்சு வளருதுன்னு சொல்லி ஒரு நாள் ரூமப் பூட்டிச் சாவிய எடுத்துக்கிட்டுப் போயிட்டார். எனக்கு அவ்வளவுதான்னு தோணிச்சு. பழகின விஷயம்தானே, குடுத்தா வாங்கிக்கணும், புடுங்கினா சும்மா இருக்கணும். பஸ் கண்டக்டரா இருக்கா ஒருத்தி எங்க கூட, கண்டக்டர்னேதான் கூப்பிடுவோம், அவ சொன்னா, ரூமத்தானே பூட்டினார், படிக்கட்ட யாரு பூட்ட முடியும்னு. மூணு நாள் மேடம். விகாரை முன்வாசல் படிக்கட்டுல பேசின் வச்சு, வெந்நீர் ஊத்தி, கிழவிங்க காலெல்லாம் வரிசையா. உள்ள போற ஆம்பளைங்க அந்தக் காலையெல்லாம் தாண்டித்தான் போகணும். மூணாவது நாள் ஓவர்சியரோட சம்சாரமே வந்து அந்த வரிசைல கால நீட்டி உக்காந்துடுச்சு. அன்னைக்குச் சாயங்காலம் சாவி எங்க கைக்கு வந்துடுச்சு. அடுத்த வருஷம் கமிட்டில ரெண்டு எடம் பொம்பளைங்களுக்குன்னு ஆச்சு. ஒண்ணு கண்டக்டர். இன்னொண்ணு நான். கம்பெனில சூப்பர்வைசர் முன்னாடி மூத்திரம் போகணும்னு கேக்கக் கூச்சப்பட்டு நின்னவ நான். கமிட்டில எந்திரிச்சு, இது சரியில்லைங்கன்னு சொன்னேன்.

சர்க்கார் ஆஸ்பத்திரிக்கும் நாங்களே போய்ப் பேசினோம். மாசத்துல ரெண்டாவது சனிக்கிழம உங்க நர்ஸ் ஒருத்தங்க இங்க வந்து பிரஷர், சுகர் பாப்பாங்க. உங்க ஆபீஸ் ரிஜிஸ்டர்லயே இருக்கும். நாங்க ஒளிஞ்சு நடத்தல மேடம்.

பூச்சியப் பத்தியா. சொல்றேன். அவ ரொம்ப நாள் வாசல்ல நின்னு பாத்துட்டுப் போவா. உள்ள வான்னா வரமாட்டா. ஒரு நாள் பிக்குணியம்மா கையப் புடிச்சுக் கூட்டிட்டு வந்தாங்க. வாயத் திறக்கவே மாட்டா. வாயில்லாப் பூச்சின்னு யாரோ சொல்லப்போக, அதுவே பேரா நின்னுடுச்சு. வச்சது நாங்கதான், தப்புதான். புருஷன் எங்க போனான்னு தெரியாது. ஒரு பொண்ணு, ஆறாவது படிக்குது. ஸ்கூல்ல பத்து ரூம் பெருக்கி, கக்கூஸ் கழுவிட்டு நேரா இங்க வருவா. செவுத்துல ஒட்டின அந்தக் காகிதத்த எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படிப்பா. நாங்க எல்லாம் ஒரு தடவ படிச்சதோட சரி. அவ தெனமும் படிப்பா.

எட்டு மாசத்துக்கு முன்னாடி பிக்குணியம்மாவ வேற ஊர் விகாரைக்கு அனுப்பிட்டாங்க. போகும்போது எங்க எல்லாரையும் உக்கார வச்சு, இனிமே நீங்கதான்னு மட்டும் சொன்னாங்க. நான் பஸ் ஸ்டாப் வரைக்கும் பை தூக்கிட்டுப் போனேன். பஸ்ல ஏறினப்பறம் ஜன்னல்லேருந்து என்னப் பாத்து, உனக்குக் கை நல்ல கை, அதுல ஜாக்கிரதைன்னாங்க. பாராட்டுன்னு எடுத்துக்கிட்டேன். முன்பாதிய மட்டும் எடுத்துக்கிட்டேன்.

அவங்க போனதும் வர்றவங்க எல்லாம் எங்களத் தேட ஆரம்பிச்சாங்க. குறிப்பா என்னைய. கண்டக்டருக்கு ஷிப்ட் மாறி மாறி வரும், நான் கம்பெனில அர நேர வேலைக்கு மாறிட்டேன், அதனால எப்ப வந்தாலும் நான் இருப்பேன். டாக்டரம்மா இருக்காங்களான்னு விளையாட்டுக்குக் கேப்பாங்க. நானும் சிரிப்பேன். ரெண்டு மாசம் கழிச்சு அத யாரும் விளையாட்டா சொல்லல. நானும் சிரிக்கல. திரும்பிப் பாத்தேன்.

இனி அந்த வியாதிக்காரி. லாரி டிரைவரோட சம்சாரம். நாங்க லாரின்னே கூப்பிடுவோம். ஆளும் அப்படித்தான், வாட்டசாட்டமா, அவ சிரிச்சா தெருமுனைல கேக்கும். நாப்பத்தி மூணு வயசு. பன்னெண்டு வருஷமா சக்கரை. காலைல ஒரு ஊசி, சாயங்காலம் ஒரு ஊசி, தானே வயித்துல குத்திக்குவா. தூக்கம் இல்லன்னுதான் இங்க வந்தா. அவ புருஷன் லாரி எடுத்துட்டுப் போனா பதினஞ்சு நாள் கழிச்சுத்தான் வருவார். இவ படுத்துக்கிட்டு, எங்கயாவது கவுந்துட்டாரோன்னு கணக்குப் போட்டுட்டே கெடப்பாளாம். மூச்சுப் பாக்கக் கத்துக்கிட்டா. நடக்க ஆரம்பிச்சா. அள்ளி அள்ளிச் சாப்பிடாம, ஒவ்வொரு வாயா கவனிச்சுச் சாப்பிடறதக் கத்துக்கிட்டா. நாலு மாசத்துல தூக்கம் வந்துடுச்சு. சக்கரையும் குறைஞ்சுது. அது பொய்யில்ல மேடம், உங்க நர்ஸ் எழுதின நோட்டுல இருக்கு. காலைல பாத்தா நூத்தி பத்து, நூத்தி பதினஞ்சு. சில நாள் அதுக்கும் கீழ போய் கை நடுங்கும், வேர்க்கும்.

அப்பத்தான் அந்தக் கேள்விய அவ கேட்டிருக்கா. கொறஞ்சுட்டு வருதே அக்கா, இன்னும் இந்த ஊசி அவ்வளவும் வேணுமான்னு. டாக்டரப் பாக்கணும்னா ஒரு நாள் பொழப்பு போகும், அங்க போனா உடனே மாத்திட மாட்டாங்க, அடுத்த மாசம் வாம்பாங்க. எங்கள்ல ஒருத்தி சொல்லியிருக்கா, பாதியா போட்டுப் பாரு, ஒடம்பு என்ன சொல்லுதுன்னு கவனிச்சுக்கிட்டே இருன்னு. கவனிக்கறதுங்கற வார்த்தைய பிக்குணியம்மா எங்களுக்கு எவ்வளவு பத்திரமா குடுத்தாங்க. அத எங்க கொண்டுபோய் வச்சோம் பாருங்க.

யாரு அந்த ஒருத்தின்னு கேக்கறீங்க. வரேன் மேடம். இன்னும் கொஞ்சம்தான்.

பத்து நாள் ஒண்ணும் ஆகல. கை நடுக்கம் நின்னு போச்சு. அவளுக்கு ஒரே சந்தோஷம், எல்லார்கிட்டயும் சொல்லல, ரகசியமா வச்சுக்கிட்டா. அதுக்கப்பறம் அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்துச்சு. சாதாரணக் காய்ச்சல்தான், தெரு பூரா இருந்துச்சு. சக்கரை இருக்கறவங்களுக்குக் காய்ச்சல் வந்தா ஊசி கொறைஞ்சு இருக்கவே கூடாதுன்னு ஆஸ்பத்திரில அப்பறம்தான் சொன்னாங்க. முன்னாடியே எங்களுக்கு எப்படித் தெரியும். தெரியாதுன்னா வாய மூடிட்டு இருந்திருக்கணும், அது வேற விஷயம்.

செவ்வாக்கிழம காலைல பதினோரு மணி. நானும் பூச்சியும்தான் ரூம்ல. லாரி செவுத்தப் புடிச்சுட்டே உள்ள வந்தா. ரெண்டு நாளா வாந்தி, வயித்து வலி, வீட்ல யாரும் இல்ல, கொஞ்ச நேரம் இங்க படுத்துக்கறேன் அக்கான்னா. உதடெல்லாம் வெடிச்சிருந்துச்சு. மூச்சு ஓடி வந்தவ மாதிரி வாங்குது. நான் பாயப் போட்டுப் படுக்க வச்சேன். நெத்தில கைய வச்சேன். மூச்ச மெதுவா விடு, பாத்துக்கிட்டே விடுன்னேன். ஆமா மேடம், நான்தான். எழுதிக்குங்க. அத மறைக்கல. அவ மூச்சு மெதுவாகல. அவளால முடிஞ்சாத்தானே. நான் இன்னும் பக்கத்துல உக்காந்து சொல்லிட்டே இருக்கேன், உள்ள, வெளிய, உள்ள, வெளியன்னு.

பூச்சி ஜன்னலத் தொடைச்சுட்டிருந்தா. துணிய வச்சுட்டு வந்து குனிஞ்சு அவ வாய்கிட்ட மோந்து பாத்தா. பழம் அழுகின வாசனை வருதுக்கான்னா. நான், காய்ச்சல் வாய்டி, அப்படித்தான் இருக்கும்னேன். அவ செவுத்துக் காகிதத்தப் பாத்தா. மூச்சு வேகம், வாந்தி, ரெண்டு இருக்குக்கா, ஆம்புலன்ஸ் கூப்பிடணும்னா. நான் கையக் காட்டி இருன்னேன். கொஞ்சம் இரு, எனக்குத் தெரியும்னேன். மேடம், அந்தப் பொண்ணு ரெண்டு வருஷத்துல எங்கிட்ட பத்து வார்த்த பேசியிருப்பாளா தெரியாது. எந்திரிச்சு நேரா நின்னு சொன்னா,

உங்களுக்குத் தெரியாதுக்கா. எனக்கும் தெரியாது. அதனாலதான் கூப்பிடணும்.

என் கையில இருந்த போன அவளே புடுங்கிக் கூப்பிட்டா. விகாரை எங்க இருக்கு, எந்தத் தெரு, பின்வாசல் வழியா வாங்கன்னு தெளிவா சொன்னா. அவ கொரல் அவ்வளவு பெருசா இருக்கும்னு எனக்கு அன்னைக்குத்தான் தெரியும். ஆம்புலன்ஸ் வர்றதுக்குள்ள லாரிக்கு நெனவு தப்பிடுச்சு.

நாலு நாள் ஐசியூ. ஒடம்புல அமிலம் ஏறிடுச்சு, பூச்சி மோந்த வாசனை அதுதான், இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தா ஒண்ணும் பண்ண முடியாதுன்னாங்க டாக்டர். அந்த ஒரு மணி நேரத்த நான் உள்ள, வெளியன்னு சொல்லியே கழிச்சிருப்பேன். இப்ப வார்டுக்கு மாத்தி, வீட்டுக்கும் அனுப்பிட்டாங்க. எழுந்து நடக்கறா. சிரிப்பு மட்டும் இன்னும் வரல.

இப்ப சொல்லுங்க. அவ உயிரக் காப்பாத்தினவ பூச்சி. உங்க கையில இருக்கற காகிதத்துல உயிருக்கு ஒல வச்சவளா எழுதியிருக்கறதும் பூச்சியத்தான். எப்படி அப்படி எழுத மனசு வந்துச்சுன்னா, ரொம்பச் சுலபமா வந்துச்சு. உங்க ஆபீஸ்லேருந்து விசாரணைன்னு கடுதாசி வந்ததும் கமிட்டி கூடிச்சு. ஒரு பேர் கேக்கறாங்க, ஒரு பேர் குடுத்துட்டா ரூம் தப்பிக்கும்னார் ஓவர்சியர். கமிட்டி ஆளுங்க பேர் போனா விகாரைக்கே அவமானம். லாரி மயங்கி விழுந்த செவ்வாக்கிழம ரூம்ல முறை யாருதுன்னு நோட்டப் பொரட்டினார். ரெண்டு பேர் இருந்துச்சு. ஒண்ணு கமிட்டி மெம்பர். இன்னொண்ணு பெருக்கறவ. அவருக்கு யோசிக்கவே வேண்டியதில்ல. கண்டக்டர் எந்திரிச்சு, இது அநியாயம்னா. ஆறு ஆம்பளைங்க ஓவர்சியர் பக்கம் பேசினாங்க. நான் உக்காந்திருந்தேன். ஆமா, வாயே திறக்கல. படிக்கட்டுல மூணு நாள் உக்காந்து சண்ட போட்டு வாங்கின நாற்காலி மேடம் அது. அதுல உக்காந்துக்கிட்டு நான் ஊமையா இருந்தேன்.

அன்னைக்குச் சாயங்காலம் பூச்சி வீட்டுக்குப் போனேன். ஒரு ரூம். பொண்ணு தரைல படுத்து எழுதிட்டிருந்துச்சு. உன் பேரக் குடுத்துட்டாங்கன்னேன். ஸ்கூல்ல தெரிஞ்சா வேலை போயிடும்னு எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். பொண்ணோட நோட்ட மூடி ஓரமா வச்சா. அப்பறம், ரூம மூடிடக் கூடாதுக்கா, வேற வழி இல்லன்னா என் பேர் இருந்துட்டுப் போகட்டும்னா. சொல்லும்போது என் மொகத்தப் பாத்தா. கோவமா பாத்திருந்தா தாங்கியிருப்பேன். அவ சும்மா பாத்தா, பிக்குணியம்மா சொல்லிக் குடுத்த மாதிரி.

லாரிகிட்டயும் கேக்கலாமேன்னா, நீங்க கேட்டீங்கன்னு தெரியும். டாக்டர்கிட்டயும் சரி, உங்ககிட்டயும் சரி, நானாத்தான் ஊசி போட மறந்துட்டேன், யாரும் சொல்லலன்னு சொல்லியிருப்பா. அவ பொய் சொல்றா மேடம். கெட்டதுக்கு இல்ல. பஞ்சசீலத்த எங்க எல்லாரையும் விட நல்லா மனப்பாடமா சொல்றவ, பொய் பேச மாட்டேன்னு தெனமும் காலைல சொல்றவ, ஒருத்திக்காக அதையும் ஒடைச்சுட்டா.

இல்ல, ஊசி அளவு பத்துன்னு எழுதாதீங்க. இருபதுல பாதி பத்துன்னு ஓவர்சியர் எழுதிக் குடுத்திருக்காரா? அது தப்பு. காலைல அவ போடறது பதினெட்டு யூனிட். ஒம்போதா போட்டுக்கோன்னுதான் நான் சொன்னேன். இந்த வாசப்படிலதான், அவ செருப்பு மாட்டிக்கிட்டிருந்தா.

ஆமா மேடம்.

நான் அதச் சொன்ன அன்னைக்குப் பூச்சி ஊர்லயே இல்ல, அவ அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தா, விசாரிச்சுப் பாருங்க. வார்டுல லாரி என் கையப் புடிச்சுக்கிட்டு, யார்கிட்டயும் சொல்லலக்கா, நீங்க பயப்படாதீங்கன்னா. சாகக் கிடந்தவ எனக்குத் தைரியம் சொல்றா. அதோட வீட்டுக்கு வந்து படுக்க முடியல. உங்களுக்கு அந்த மொட்டைக் கடுதாசி எழுதினதும் நான்தான். எழுதி, என் பேர்னு போட வேண்டிய எடத்துல கை நின்னு போச்சு. ஒருத்தின்னு எழுதினேன். நல்லது செஞ்சுட்டதாக்கூட நெனச்சேன். அந்த ஒருத்திங்கற எடம் காலியா இருந்துச்சு பாருங்க, அதுல பூச்சியத் தூக்கி வச்சுட்டாங்க.

எழுதிட்டீங்களா. அதுக்குக் கீழ ஒண்ணு சேத்துக்குங்க, ஆம்புலன்சக் கூப்பிட்டது யாருன்னு. அவ முழுப் பேர் உங்களுக்குச் சொல்றேன், அவளுக்கு அழகான பேர் மேடம், நாங்க யாரும் கூப்பிட்டதில்ல.

வெளிய பேச்சுச் சத்தம் கேக்குது, எங்காளுங்க வந்துட்டாங்க. அவங்க யாருக்கும் இன்னும் தெரியாது. நீங்க போயிடாதீங்க. இதையே இன்னொரு தடவ, அவங்க முன்னாடி சொல்லணும். நீங்க ஒண்ணும் பேச வேணாம், சும்மா உக்காந்திருங்க.